வாசலில் வைத்த வசந்தம்

...இல்லை, இது பனியாக இருக்க முடியாது, போன வாரம்தானே ஏரிக்கரையில் சொக்கப்பனை கொளுத்தி அத்தனை பேர் முன்னால் குளிர்காலம் முடிந்தது என்று அறிவித்தோம், கைதட்டினார்களே, பாடகர் குழு நடுங்கிக்கொண்டே பாடவும் பாடியதே... ஹில்டிங் காப்பிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்றார், பனி தன்னிடம் அனுமதி வாங்காமல் வந்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. இலை விட்டிருந்த பிர்ச் மரம் பாரம் தாங்காமல் வேலி மேல் சாய்ந்து கிடக்கிறது, கொடிக்கம்பத்தின் உச்சிக் குமிழுக்கு ஒரு வெள்ளைக் குல்லாய், தோட்டத்து நாற்காலிகளில் பனி வந்து உட்கார்ந்திருக்கிறது, விருந்தாளி மாதிரி. பனிக்கால டயரைக் கழற்றிக் காருக்குக் கோடை டயர் மாட்டியாயிற்று. பனி அள்ளும் வாரி கொட்டகையின் கடைக்கோடியில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால்... ஒழுங்காகத்தான் வைத்தார், எது எப்போது வேண்டுமோ அந்த வரிசையில், காலமெல்லாம் பள்ளிக்கூடம் நடத்திய மனிதர் அல்லவா. சரி, வாசற்படியில் என்ன, வரிசையாக வெள்ளை மேடுகள்? ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மனைவி குன்வோரின் ஜெரேனியம் பூந்தொட்டிகள்.

நவம்பரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றைத்தான். செடிங்களை மட்டும் பாத்துக்க, எங்கம்மா ஒடிச்சுக் குடுத்த குச்சியிலேர்ந்து வந்தது... பார்த்துக்கொண்டேனே, நிலவறையில் இருட்டும் குளிரும் அளவாக இருக்கிறதா என்று குளிர்காலம் முழுக்க இறங்கி இறங்கிப் பார்த்தேனே, அவளைப் பார்த்துக்கொண்டதைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டேனே, என்று நினைத்து, அந்தக் கடைசிப் பகுதியை அவசரமாக ஒதுக்கினார். ஏப்ரல் கடைசி நாள் வந்ததும் வழக்கம் போல சொக்கப்பனை அருகே வசந்த உரை. பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த காலத்திலிருந்து அவர்தான் நிகழ்த்துகிறார், வேறு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். முதலில் ஒளியைப் பற்றிக் கொஞ்சம், பிறகு இளைஞர்களைப் பற்றி, முடிவில், நம்பிக்கை இல்லாதவர்கள் என் வீட்டு வாசலைப் பாருங்கள் என்று ஒரு வரி. அந்த வரிக்காக வீடு திரும்பியதும் தொட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து படியில் அடுக்குவார். ஊரில் எல்லோருடைய செடியும் ஜூன் வரை ஜன்னலுக்கு உள்ளே இருக்க, அவர் வீட்டில் மட்டும் மே பிறக்கும்போதே சிவப்பு. எத்தனை வருடம், ஒரு இலை கருகியதில்லை. நேற்று வானொலி பனி என்றது. தெற்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு எங்கள் ஏரி பற்றி என்ன தெரியும் என்று அணைத்துவிட்டுப் படுத்தார்.

வாரி கைக்கு எட்டாததால் அடுப்புக்குள் வைக்கும் ரொட்டித் தட்டால் பனியைச் சுரண்டினார். உள்ளே இலைகள் கண்ணாடி போல, தொட்டால் கறுப்பாகக் குழைந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் மேர்த்தா, ஓய்வுபெற்ற பல் மருத்துவர், இரவு உடைக்கு மேலே பனிச்சறுக்குக் காற்சட்டை, கையில் நாய்க்கயிறு. என்ன வாத்தியாரே, வசந்தத்தைத் தட்டுல அள்ளுறீங்க போல என்றாள். அவர் துருவக் காற்றின் போக்கைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். இது விதிவிலக்கு, இந்த மாதிரி வருடம் தலைமுறைக்கு ஒன்று... நாய் கொடிக்கம்பத்தருகே காலைத் தூக்கி முடிக்கும் வரை மேர்த்தா பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சரி, நேத்து சாயங்காலம் உள்ள எடுத்து வைக்கலியா?"

"எதுக்கு எடுக்கணும்? இத்தனை வருஷமா வெளியிலதானே இருக்கு."

மேர்த்தா அவரைப் பார்த்தாள், சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை. "குன்வோர் தினமும் எடுத்து வைப்பாளே. நீங்க படுத்ததும் உள்ள, நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வெளிய. ஜூன் பொறக்கிற வரைக்கும். நாயை வெளிய விடுறப்போ பாப்பேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

தெரியும் என்றார் ஹில்டிங். பொய் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரை எதிரே நிற்க வைத்திருக்கிறார், அவர்களுக்கெல்லாம் காது இப்படித்தான் சூடாகியிருக்குமோ... பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்: "போன வருஷமும் தூக்கினாளா?"

மேர்த்தா கயிற்றைக் கையில் சுற்றினாள். "தூக்கினா. நடுநடுவுல படியில உக்காந்துக்குவா. நான் வந்து தூக்கட்டுமான்னேன். வேணாம், பேச்சுக் கேட்டா மனுஷன் முழிச்சுக்குவாருன்னா." பிறகு, தண்டு பச்சையா இருந்தா ஒட்ட வெட்டி விடுங்க, துளிர்த்தாலும் துளிர்க்கும் என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

தொட்டிகள் சமையலறை மேசை மேல் சொட்டுகின்றன. என்ன கனம், ஒவ்வொன்றும்... நாலாவதுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளும் ஒவ்வொரு மே மாதமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், நிமிர்ந்து உட்கார வேண்டும் குன்வோர், கம்பளி பின்னும்போது கூனக் கூடாது என்று அவர் விரிவாகவே எடுத்துரைத்திருக்கிறார், அவளும் சரிப்பா சரிப்பா என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தூக்கத்தில் வாசற்கதவு சத்தம் கேட்கத்தான் செய்தது, பூனை என்று நினைத்தார், வீட்டில் பூனையே கிடையாது. வாசலைப் பாருங்கள் என்று அவர் கையை உயர்த்தும்போது கூட்டத்தில் அவள் கம்பளிக் கையுறையோடு தட்டுவாள், சத்தமே வராது. சிரித்திருப்பாளோ? சிரித்திருந்தால் தேவலை. சிரிக்காமல், இந்த மனுஷனுக்கு இது வேண்டியிருக்கிறது என்று மட்டும் நினைத்துத் தூக்கியிருந்தால்... அந்தக் கடைசி மே மாதம், உடம்புக்குள் அந்த நோய் வந்த பிறகும், படியில் உட்கார்ந்து உட்கார்ந்து... ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா, துருவக் காற்றைப் பற்றி விளக்கியிருப்பேனா.

கத்தரிக்கோலை எடுத்து முதல் தண்டை வெட்டினார். பச்சையா பழுப்பா என்று இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அடுத்ததை வெட்டினார். கூரையிலிருந்து பனி உருகி ஒழுகும் சத்தம், கூடத்துக் கடிகாரம், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு சத்தம் குறைகிறது... முன்பெல்லாம் ஞாயிறு காலைக் காப்பிக்குப் பிறகு தொலைபேசி அடிக்கும். மகன் ஹோக்கன், கோத்தன்பர்க்கிலிருந்து, அப்பா எப்படி இருக்கீங்க என்பான், வாரம் தவறாமல், வருடக்கணக்காக. வளர்ப்பு அப்படி என்று ஆசிரியர் ஓய்வறையிலேயே அவர் சொல்லிக்கொண்டதுண்டு. நவம்பருக்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை. வேலை அதிகம் பையனுக்கு. சனிக்கிழமைதோறும் குன்வோர் தொலைபேசியைப் படுக்கையறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி மெல்லப் பேசுவாள், யார் என்றால் மேர்த்தாதான் என்பாள்... வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் எதற்குத் தொலைபேசி? மறுநாள்தான் ஹோக்கன் தவறாமல் அழைப்பான்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இந்த வீட்டில் இன்னும் எதையெல்லாம் அவள் நான் எழுவதற்குள் வெளியே எடுத்து வைத்திருந்தாள்... கூடத்துக்குப் போனார், கையில் மண், பழக்கமில்லாத எண்ணை விரல் தடுமாறித் தடுமாறிச் சுற்றியது, மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. உரையின் முதல் வரிக்கு ஒருபோதும் திணறியதில்லை அவர். மணி அடித்துக்கொண்டிருந்தது, முதல் வரி இன்னும் வரவில்லை, எடுத்துவிடாதே ஹோக்கன், கொஞ்சம் பொறு, அம்மா சனிக்கிழமைகளில் உன்னிடம் என்ன சொல்வாள் என்று எப்படிக் கேட்க...