ஒன்றையொன்று பார்த்த கடிகாரங்கள்

“ஒரு வார்த்தை சொல்லு ஏட்டி. நான் போகல்ல.”

“நான் என்னத்த சொல்ல? உங்களுக்கு எது செரின்னு படுதோ அத செய்யுங்க.”

“எனக்குப் படுறது கெடக்கட்டு. உனக்கு?”

“உங்களுக்குச் செரின்னா எனக்கும் செரிதான்.”

“அப்ப போயிட்டு வாறேன், என்ன?”

“ம்.”

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசலில் இதைப் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் ரெஜிலாவுக்கு ஒவ்வொரு சொல்லும் அப்படியே நினைவிருந்தது. கடைசியாகச் சொன்ன அந்த ‘ம்’தான் அவளை அதிகம் படுத்தியது. அதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் தொண்டையில் நின்றது. அதற்குள் அவள் கணவன் ஸ்டெனி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டான். வீட்டை விட்டு இறங்குகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார்கள். போதாக்குறைக்கு, அன்று காலையில்தான் வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று பயணத்துக்காக ஜெபம் செய்திருந்தார்கள். “இவன் போகிற வழியை வாய்க்கப்பண்ணும்” என்று அவனுடைய பெரியம்மா கண்ணை மூடி மன்றாடியபோது, ஆமென் சொன்னவர்களில் அவள் குரலும் இருந்தது. ஆமென் சொன்ன வாயால் எப்படிப் போகாதே என்பது?

கத்தாரில் ஒரு எரிவாயு ஆலையில் அவனுக்கு டெக்னீஷியன் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த இரண்டு வருஷத்துக்கான பேப்பர் தயாராகிவிட்டதாம். நேற்று வீடியோ காலில் சொன்னான்.

“நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வந்து ஒப்புப் போடணும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கான். உனக்குச் செரிதானே?”

“உங்களுக்கு எப்பிடி?”

“எனக்கென்ன, வேலை நல்ல வேலைதான். அங்க உனக்கு வல்ல பிரச்சனையும் உண்டுமா?”

“இங்க ஒரு பிரச்சனையும் இல்ல.”

“செரி அப்ப.”

ஒரு பிரச்சனையும் இல்லைதான். இராஜாக்கமங்கலத்தில் அவன் சம்பாத்தியத்தில் கட்டிய மாடிவீடு. அதில் அவள் புழங்குவது அடுக்களையும் ஒரு படுக்கையறையும் மட்டும். மற்ற அறைகளைச் சனிக்கிழமைதோறும் திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டுவாள். புட்டுக்குழலைப் பரணில் போட்டுவிட்டு, ஓர் ஆளுக்குப் போதுமான சிரட்டைப்புட்டுக்கு மாறி ரொம்ப நாளாயிற்று. மீன் கொண்டுவரும் லீமா கூடையை இறக்கும்போதே, “நாலு சாளை போருமில்லா மக்கா?” என்று தானாகவே எண்ணி எடுத்து வைத்துவிடுவாள். ரெஜிலா தலையாட்டுவாள். நாளில் முதல் பேச்சே பல நாள் அதுதான்.

இன்றைக்கும் நாலு சாளையைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நாகர்கோவில் போய் பஸ் மாறி, ஆரல்வாய்மொழியில் இறங்கினாள். கணவாய்க் காற்று சேலைத்தலைப்பைப் பிடுங்கியது. ரோட்டோரத்துக் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்துச் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் காற்றாலைகளில் ஒரு பகுதியை நடத்தும் கம்பெனியில் அவள் சிஸ்டம் என்ஜினீயர். கட்டுப்பாட்டு அறையிலுள்ள கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

நாற்காலியில் உட்காரும் முன்பே பெமிலா பிடித்துக்கொண்டாள். களியக்காவிளைக்காரி. நெட்வொர்க் வேலை பார்ப்பவள். வாய் ஓயாது.

“எக்கா, மின்வாரியத்துல இருந்து மறுபடியும் மெயில் வந்து கெடக்கு. வாசிச்சியளா?”

“என்னவாம்?”

“நம்ம மணி தப்பாம். அவிய விடுற மாதிரி இல்ல.”

போன மாதம் ஒருநாள் மின்பாதையில் பழுது வந்து, இந்த வட்டாரத்துக் காற்றாலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. ஆனால் ரெஜிலாவின் கம்பெனிப் பதிவை மட்டும் பார்த்தால், பாதையில் பழுது வருவதற்கு நாலு நிமிஷம் முன்பே இவர்கள் காற்றாலைகள் தாமாகவே நின்றதுபோலத் தெரிந்தது. அதை விசாரித்து வந்த முதல் மெயிலுக்கு ரெஜிலா கொஞ்சம் மிடுக்காகவே பதில் போட்டிருந்தாள். எங்களிடம் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன, தயவுசெய்து உங்கள் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்று.

இரண்டாவது மெயிலில் பக்கத்துக் கம்பெனிகளின் பதிவுகளையும் இணைத்திருந்தார்கள். எல்லாம் மின்வாரியத்தின் நேரத்தோடு ஒத்துப்போயின. தனியாக நின்றது இவர்கள்தான்.

ரெஜிலா கைப்பேசியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு நிமிஷம். கணினியின் மணி பிந்தியிருந்தது. அவள் தினமும் பார்க்கிற திரைதான். ஒருநாளும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சும்மா விட்டால் அது தன்போக்கில் ஓடும். ஒருநாளைக்கு ஒன்றிரண்டு விநாடி முந்தும், இல்லாவிட்டால் பிந்தும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் பின்னணியில் ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கும். சற்றைக்கொருதரம் வெளியே உள்ள நம்பகமான ஒரு கடிகாரத்திடம் மணி கேட்டு, தன்னுடையதைச் சரிசெய்துகொள்வது மட்டுமே அதன் வேலை. யாரிடம் கேட்கவேண்டும் என்பதை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கவேண்டும். இங்கே அதை எழுதியது ரெஜிலா.

முதலில், காற்றாலைகளின் மின்சாரம் வந்து சேரும் யார்டிலுள்ள சர்வரின் கோப்பைத் திறந்தாள். ‘ஆபீஸ் சர்வரிடம் கேள்’ என்று இருந்தது. ஆபீஸ் சர்வரின் கோப்பைத் திறந்தாள். ‘யார்டு சர்வரிடம் கேள்’ என்று இருந்தது. இரண்டிலும் கீழே இன்னொரு வரி: யாரும் கிடைக்காவிட்டால் உன் கடிகாரத்தையே நம்பு.

அவளுக்குக் காது சூடானது.

ஆடி மாதத்துக் காற்றில் யார்டு கூரையிலிருந்த ஆன்டெனா பிய்ந்து போயிருந்தது. செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கித் தந்தது அதுதான். அதிலிருந்து யார்டு சர்வர், யார்டிலிருந்து ஆபீஸ் சர்வர் என்றுதான் முதலில் ஏற்பாடு. ஆன்டெனா போனதும், புதுசு வருகிறவரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும் என்று, யார்டு சர்வரை ஆபீஸ் சர்வரின் பக்கம் திருப்பிவிட்டாள். ஆபீஸ் சர்வர் ஏற்கனவே யார்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த அவசரத்தில் மறந்தே போயிற்று. புது ஆன்டெனாவும் வரவில்லை. எந்த அலாரமும் அடிக்காததால் அவளும் அதை நினைக்கவில்லை. திரையில் அன்றைக்கும் பச்சை, இன்றைக்கும் பச்சை.

“ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருந்திருக்கு பெமி.”

பெமிலா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். “எக்கா, எங்க வீட்டு மீன்கறி மாதிரி இல்லா இருக்கு! உப்பு எப்பிடின்னு அம்மை கேப்பா. நீ சொன்னா செரிதான்னு அப்பன் சொல்லுவான். அவன் செரின்னு சொல்லிட்டான்னு அவளும் எறக்கி வைப்பா. எங்களுக்கு வெளம்பும்போதில்லா தெரியும், சட்டியில உப்பே விழல்லன்னு.”

ரெஜிலாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. அந்த அப்பனுக்கு உப்பில்லன்னு தெரியாமலா இருந்திருக்கும்?”

“தெரியாம பின்ன? நாக்கு இல்லியா அவனுக்கு? சொன்னா அவ மனசு சடையும்னு சொல்லாம இருப்பான். அவளுக்கும் தெரியும் கேட்டியளா. ரெண்டும் பேசாம தின்னுட்டு எழும்பும்.”

ரெஜிலா திரைக்குத் திரும்பினாள். இரண்டு கோப்புகளிலிருந்தும் அந்த வரிகளை அழித்தாள். வெளியே உள்ள நாலு நேர சர்வர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். அவற்றோடு பேச நெட்வொர்க்கில் வழி திறக்கவேண்டும். அதைப் பெமிலா திறந்துவிட்டாள். சேவையைத் திரும்பத் தொடங்கும் முன் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது.

“பையப் பைய சரியாகும்படி விட்டிரலாம்க்கா,” என்றாள் பெமிலா குரலைத் தாழ்த்தி. “கொஞ்சம் கொஞ்சமா நகந்து வந்துரும். ஒரு மனுஷனுக்கும் தெரியாது. ஒரே அடியா தள்ளினா பதிவுல நாலு நிமிஷம் ஓட்டை விழும். சார் பாத்தாருன்னா நம்ம ரெண்டு பேரையும் காத்தாடி உச்சியில கெட்டித் தொங்க விடுவாரு.”

“பையப் போனா எவ்வளவு நாள் ஆகும்?”

“ஒரு வாரம் பக்கம் ஆகும்.”

“அந்த ஒரு வாரமும் மணி தப்புதானே?”

“தப்புதான். ஆனா குறைஞ்சுக்கிட்டே வரும்.”

ஒரு வாரம். அதற்குள் கத்தாரில் ஒப்புப் போட்டு முடித்திருப்பான். அவளும் வழக்கம்போல இங்கே ஒரு பிரச்சனையும் இல்லை என்றிருப்பாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் கொஞ்சம் நரைத்திருப்பான். அவள் இன்னும் கொஞ்சம் பேச்சுக் குறைந்திருப்பாள். இருவரும் அதைப் பார்க்காதவர்கள்போல ஒரு மாத லீவைக் கழித்து, கடைசிநாள் பெட்டிக்குள் நேந்திரங்காய் சிப்ஸும் ஊறுகாயும் வைத்துக் கட்டுவார்கள். இது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லமுடியாது. சாளையை நாலாக எண்ணி வைக்கும்போதெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

“ஒரே அடியா மாத்திருவோம்,” என்றாள். “ஓட்டை ஏன் விழுந்துதுன்னு நான் எழுதிக் குடுக்கேன். தப்பு எனக்கதுதான்.”

பெமிலா அவளை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெஜிலா கட்டளையை அடித்தாள். திரையின் மூலையிலிருந்த மணி ஒருகணம் தயங்கியது மாதிரி இருந்து, நாலு நிமிஷம் தாவி நின்றது. காற்றாலை ஒன்றும் நிற்கவில்லை. வெளியே எல்லாம் பழையபடி சுற்றிக்கொண்டிருந்தன.

“இவ்வளவுதானா?” என்றாள் பெமிலா. “நான் என்னவோ வெடிச்சிரும்னு நெனச்சேன்.”

மின்வாரியத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில், மேலாளருக்கு விவரமாக ஒரு மெயில். இரண்டையும் அனுப்பிவிட்டு ரெஜிலா எழுந்தாள்.

“சாப்பிட வரல்லியா அக்கா?”

“நீ தின்னு. ஒரு போன் பண்ணிட்டு வாறேன்.”

வெளியே காற்றில் பேசினால் ஒரு சொல்லும் கேட்காது. வாசலில் கம்பெனி ஜீப் நின்றது. டிரைவர் சூசை நிழலில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே ஏறி, கண்ணாடிகளை ஏற்றினாள். இரைச்சல் அடங்கியது. கத்தாரில் இன்னும் மதியம் ஆகியிருக்காது. வேலைநேரத்தில் அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்த வழக்கத்தை நினைத்து விரல் ஒருமுறை பின்வாங்கியது. பிறகு அழுத்திவிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“என்ன ஏட்டி, இந்த நேரத்துல? யாருக்கும் வல்லதும் ஆச்சா?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

“நெஞ்சு பதறிட்டு எனக்கு. பின்ன என்ன? சாப்பிட்டியா?”

“இல்ல. நீங்க?”

“இனிதான்.” பின்னால் ஏதோ இயந்திரத்தின் ஓசை. அதிலிருந்து விலகி நடக்கிறான் போல, குரல் தெளிந்து வந்தது. “பேப்பர் வந்துட்டு, கேட்டியா. மேசையில இருக்காம். செரி, உனக்கு அங்க ஒரு பிரச்சனையும்...”

“இருக்கு.”

அந்தப் பக்கம் நடை நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தச் சொல்லை அவளிடமிருந்து அவன் கேட்டதே இல்லை.

“என்னது? சொல்லு. சொன்னாத்தானே எனக்குத் தெரியும்.”

எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எத்தனையோ விதமாய் யோசித்து வைத்திருந்தாள், போன வருஷமும், அதற்கு முந்தைய வருஷமும். அவற்றில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. ஜீப்பின் சீட்டுக் கிழிசலை விரலால் நெருடிக்கொண்டு, கண்ணை மூடாமல், நேரே பார்த்தபடி சொன்னாள்:

“அதுல ஒப்புப் போடாதீங்க. எனக்கு இங்க தனியா இருந்து போரும். வீட்டுக்கு வந்துருங்க.”