சகாயமாதாவுக்கு விலகிய கப்பல்கள்

ஜிஷா முட்டத்துக்காரி. நாகர்கோவிலில், கடல்வழித் தகவல்களைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் வேலை. மீன்பிடி வள்ளங்களில் இருக்கும் கருவி தனக்கென்று ஒரு வடிவத்தில் செய்தி அனுப்பும். கப்பலின் திரைக்கு அது புரியாது. அதனாலேயே வள்ளம் கிடப்பது தெரியாமல் கப்பல்கள் இடித்துவிட்டுப் போயிருக்கின்றன. இப்போது எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே பொது வடிவத்துக்கு மாறிவந்தன. வள்ளங்களின் இருப்பிடத்தை அந்த வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதுதான் அவள் வேலை. ஓர் எழுத்து பிசகினாலும் அந்தச் செய்தி வெளியே போகாது.

சோதனை ஓட்டம் தொடங்கிய வாரம். மழை மூடிக்கிடந்த ஒரு முற்பகலில், கப்பல் பாதையின் நடுவே புதிதாக ஒரு வள்ளம் திரையில் தெரிந்தது. பெயர், சகாயமாதா.

ஜிஷா பெயரை இன்னொரு முறை படித்தாள். அது பக்கத்துத் தெரு ஞானதாசனின் வள்ளம். மூன்று வருடங்களுக்கு முன் புயலில் ஆளும் வள்ளமும் கருவியும் ஒன்றாகப் போயின. அந்தக் கருவியின் எண்ணை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டாள். மற்ற வள்ளங்களின் செய்திகள் மழையில் விட்டுவிட்டு வந்தன. இது மட்டும் ஒரு பிழையும் இல்லாமல், மூச்சு விடுவதுபோல் சீராக வந்துகொண்டிருந்தது.

முதலில் ஓர் எண்ணெய்க் கப்பல் அதற்காக விலகியது. பின்னால் வந்த சரக்குக் கப்பலும் விலகியது. கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை, திரை காட்டுவதால் சுற்றிப் போகிறோம் என்று அதன் மாலுமி வயர்லெஸ்ஸில் சொன்னார்.

மேலதிகாரி ராஜகுமார் போனில், ஏதோ கோளாறு, அழித்துவிடு என்றார். ஜிஷா விரலைக் கொண்டுபோனாள். அழுத்த மனம் வரவில்லை. ஒருமுறை நேரில் பார்த்துவிடட்டும் சார் என்று கெஞ்சிக் கேட்டு, கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுத்தாள்.

அவர்கள் போன இடத்தில் சகாயமாதா இல்லை. எஞ்சின் நின்று, கருவியும் அணைந்துபோய், அவள் ஊர்க்காரன் லிஜோவின் வள்ளம் கப்பல் பாதையில் மிதந்துகொண்டிருந்தது. அதில் இருந்த எல்லோரும் உயிரோடு கரைக்கு வந்தார்கள்.

ஜிஷா முட்டத்துக்கு ஓடியபோது லிஜோ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஞானதாசனின் மனைவி வியாகுலம்மாள் நின்றிருந்தாள். சேதி எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது.

"விடியக்காலத்தேருந்து எங்களுக்கு முன்னால ஒரு வள்ளம் கிடந்துச்சு மாமி," என்றான் லிஜோ. "கூவி விளிச்சோம். ஒருத்தரும் திரும்பல்ல."

"அவரு இருந்தாரா மக்கா?"

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "முதுகுதான் கண்டேன்."

வியாகுலம்மாள் அழவில்லை. முந்தானையால் அவன் தலையை ஒருதரம் துவட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தாள்.

ஜிஷா அலுவலகத்துக்குத் திரும்பியபோது ராஜகுமாரே அவள் திரையின் முன் உட்கார்ந்திருந்தார். சகாயமாதா மெல்லத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே வந்த கப்பல் ஒன்று அதற்காகத் திரும்பத் தொடங்கியது.

அழிக்கட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போகட்டு."