ஏழாம் தோர்ன்பெக் பிரபு

"முன்பக்கத்தை நீங்க பிடிங்க பிரபு," என்று சவப்பெட்டித் தச்சர் க்ரிம்ஷா சொன்னபோது, அப்பாவின் பெட்டிக்கு முன்னால் ஆம்ப்ரோஸ் ஏற்கெனவே குனிந்திருந்தான். அவர் பார்த்தது அவனை அல்ல, தம்பி ருபர்ட்டை.

இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. மாதாகோயிலில் அம்மா மோதிரம் போட்டுக்கொண்டபோது ஆம்ப்ரோஸ் நாலு மாதக் குழந்தை. அதற்குப் பிறகு பிறந்த ருபர்ட்டுக்குத்தான் பட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் சட்டத்தை மாற்றினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பிறந்ததும் பிள்ளைதான் என்றார்கள். பட்டத்தை மட்டும் விலக்கி ஒரு வரி எழுதிவைத்தார்கள்.

பட்டாளத்துக்கு நொண்டிக் குதிரை விற்றவன் வாங்கிய பட்டம் அது. மூன்றாமவர் மாளிகையைச் சீட்டாட்டத்தில் விட்டார், ஐந்தாமவர் காட்டை விற்றார். ஆறாமவரான அப்பாவுக்கு மிஞ்சியது யார்க்ஷயரில் நாற்பது பசுவும் ஒழுகும் பண்ணைவீடும்தான். மூன்று வருஷம் அவரைத் தூக்கிக் கழுவியவன் ஆம்ப்ரோஸ். கடைசியாக அவர் அவனிடம் கேட்டது, "ருபர்ட் வந்துட்டானா?"

பால் கறக்கும் ஜெத்ரோ குடும்பக் கல்லறையின் நிலவறைக்கு இறங்கும் படிகளைப் பார்த்தான். "ஈயப் பெட்டி. இறங்கறப்ப மொத்த பாரமும் முன்னால நிக்கிறவன் மேலதான். லண்டன்ல பேனா பிடிச்ச கை தாங்குமா? ஒரே நாள்ல ரெண்டு பிரபுவைப் புதைக்க எனக்குத் தெம்பில்ல."

பாதிரியார் இருமினார்.

"அண்ணா, நீயே முன்னால வாயேன்," என்றான் ருபர்ட்.

"அது உன் இடமாச்சே."

"பட்டத்தை நானா கேட்டேன்? வேண்டாம்னு சொல்லவும் சட்டத்துல வழியில்ல. உனக்கே தெரியும்."

"இருந்தா சொல்லியிருப்பியா?"

ருபர்ட் கையுறையைக் கழற்றினான்.

பதினோரு படிகளும் பாரம் ஆம்ப்ரோஸின் மார்பில் கிடந்தது. நிலவறைக்குள் பட்டம் சுமந்தவர்களுக்கு மட்டுமே இடம். அம்மாகூட வெளியே புல்லுக்கடியில்தான். ஐந்து பெட்டிகளைத் தாண்டி மிச்சம் ஒரே ஒரு கல்மேடை. நெருக்கி வைத்தால் இரண்டு கொள்ளும்.

"சுவரோரம் தள்ளிடுங்க," என்றார் க்ரிம்ஷா. "காலம் வர்றப்ப, பக்கத்துல இந்தப் பிரபுவுக்கு இடம் வேணும்ல."

ஆம்ப்ரோஸ் தோள் கொடுத்தான். பெட்டி கல்லை உராய்ந்துகொண்டு நடுமேடைக்கு வந்தது. அவன் தோளை எடுத்துக்கொண்டான்.

"இன்னும் ஒண்ணரை அடி போகணுமே."

"போகாது."

ருபர்ட்டும் ஜெத்ரோவும் க்ரிம்ஷாவும் முக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்னொரு பெட்டிக்குப் போதாமல் கிடந்த வெறும் கல்லை ருபர்ட் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆம்ப்ரோஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு படியேறினான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கறக்கும் நேரம்; பசுக்கள் பண்ணைக் கேட்டருகே வந்து நின்றிருக்கும்.