நிரவி விட்ட வயல்

கம்பெனி பஸ் குருபரப்பள்ளி தாண்டியதும் நின்றுவிட்டது. மாற்று வண்டி வர அரை மணி நேரமாகும் என்றார் டிரைவர். காலைப் பனி இன்னும் விலகவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் வெறும் வெளிச்சமாக வந்து, வெளிச்சமாகவே போயின.

வினிதாவும் சுகுணாவும் இறங்கி வயலோரம் நின்றார்கள். ஓசூரில் ஒரே மேசையில் உதிரிபாகம் சோதிப்பவர்கள். சுகுணா சின்ன வயதிலிருந்தே பாட்டு கற்றவள். புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த வினிதாவுக்கு, இரண்டு வருடமாகப் பஸ்ஸிலேயே சொல்லித் தருகிறாள்.

நிரவல் மட்டும் வினிதாவுக்குப் பிடிபடவில்லை. ‘மழையாய் இறங்கி வா முருகா’ என்று ஒரே வரிதான். சொற்கள் தாளத்தில் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். ராகம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பரவ வேண்டும். வினிதாவோ புதிது புதிதாக எதையாவது தேடி வந்து அடுக்குவாள். ‘முருகா’ வருவதற்குள் தாளம் கைவிட்டுப் போயிருக்கும்.

எதிரே, நீர் கட்டிய வயலில் ஒரு பெண் பலகை இழுத்துக்கொண்டிருந்தாள். பனியும் நீரும் ஒரே வெள்ளையாய்க் கலந்திருந்ததில் அவள் அந்தரத்தில் நடப்பதுபோல் இருந்தது. வரப்பில் நின்ற அவள் கணவர் குரல் கொடுத்தார்.

“ரங்கம்மா, அந்தாண்ட மேடா இருக்குது பாரு. பள்ளத்துல நெரவி உடு.”

வினிதா சட்டென்று திரும்பினாள். “என்னண்ணே சொன்னீங்க?”

“நெரவச் சொன்னேம்மா. நாத்து நடணுமில்ல.”

“வெளியேருந்து மண்ணு கொண்டாந்து போடுவீங்களா?”

ரங்கம்மா சிரித்தாள். “எதுக்குங்க? இருக்கற மண்ணுதான். மேட்டுல இருக்கறதப் பள்ளத்துக்குத் தள்றோம். வரப்பத் தொடமாட்டோம்.”

சுகுணா தோழியின் கையைப் பிடித்தாள். “நம்ம நிரவலும் இதுலேருந்து வந்ததுதான்டி. இத்தனை நாளா இதச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன்.”

வினிதா தொடையில் மெல்லத் தாளம் தட்டினாள். பிறகு பாடினாள். எதையும் தேடிப் போகவில்லை. ‘மழையாய்’ என்ற இடத்தில் குவிந்து கிடந்த ராகத்தை, ‘இறங்கி’க்குப் பின்னால் வெறுமையாய் இருந்த இடத்துக்கு மெதுவாக நகர்த்தினாள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். குரல் பனிக்குள் போய்ப் பரவியது. எத்தனை முறை பாடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரங்கம்மா பலகையை நிறுத்திவிட்டு முழங்கால் சேற்றில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹாரன் கேட்டது. மாற்று வண்டி வந்துவிட்டது.

“இன்னொருக்கா பாடிட்டுப் போறதுதானே?” என்றாள் ரங்கம்மா.

“ஷிஃப்டுக்கு நேரமாச்சுங்கக்கா.”

ஜன்னலோரம் உட்கார்ந்தும் வினிதா நிறுத்தவில்லை. சூளகிரி வரை சுகுணா ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அதன்பின், “இப்ப நான்” என்று அந்த வரியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.