சம்பந்திகளும் சிவப்பு டப்பாவும்

மகளைக் கொடுத்த இடத்தில் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்று பல் டாக்டரம்மாவுக்கு ஊரே புத்தி சொன்னது. சொன்னவர்களில் மகளும் ஒருத்தி. டாக்டரம்மாவும் அனுசரித்துத்தான் போனார். மகள் வீட்டுத் திரைச்சீலையின் நிறத்திலிருந்து பேரனுக்கு முடி வெட்டும் கடை வரைக்கும் சம்பந்தியம்மா சொன்னதுதான் சட்டம் என்று வாயை மூடிக்கொண்டார். ஈயக் குண்டு விஷயத்தில் மட்டும் அவரால் வாயை மூட முடியவில்லை.

இரண்டு சம்பந்திகளும் ஒரே ஏர் ரைஃபிள் கிளப். கிளப் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மரச்சாமான் கிடங்கின் அடியில், மேலே பீரோ நகர்த்தினால் கீழே தூசி கொட்டும் நீளமான அறை. ஒரு கோடியில் நின்று சுட வேண்டும், மறு கோடியில் காகித இலக்கு. சம்பந்தியம்மா அங்கே செயலாளர். மின்சார அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றது, அதிகாரம் ஓயவில்லை.

ஏர் ரைஃபிளில் போடும் குண்டைப் பார்த்திருக்கிறீர்களா? பயறு அளவில், இடுப்பு சிறுத்து, மூக்கு தட்டையான ஒரு ஈயத் துண்டு. எந்தக் கம்பெனி டப்பாவைத் திறந்தாலும் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் தெரியும். ஆனால் இலக்கின் நடுப்புள்ளி, புத்தகத்தில் வாக்கியம் முடியும் இடத்தில் வைக்கிற புள்ளி அளவுதான். அதைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு குண்டும் முன்னால் போன குண்டின் வழியிலேயே போக வேண்டும். ஒரு டப்பாக் குண்டு அப்படிப் போகும், இன்னொன்று போகாது. டாக்டரம்மாவுக்குச் சிவப்பு டப்பாதான் உயிர். சம்பந்தியம்மாவுக்கு நீல டப்பா.

கிளப்புகளுக்கிடையிலான போட்டி நெருங்கியது. எதிரணி, வருஷா வருஷம் இவர்களைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிப்போகும் தொழிற்சாலை அணி. செயலாளர் ஓர் உத்தரவு போட்டார். இந்த முறை அணி முழுக்க ஒரே குண்டுதான், ஒரே சமயத்தில் வார்த்த சரக்காகப் பார்த்து மொத்தமாக வாங்கப்போகிறோம், அது நீல டப்பா. டாக்டரம்மா துள்ளிக் குதித்தார்.

"சோதிச்சுப் பாக்காம எப்படிங்க சம்பந்தி? என் துப்பாக்கியையே மேஜையில வைஸ் இடுக்கி போட்டு ஆடாம இறுக்குவோம். யாருக்கும் ஓரவஞ்சனை வேண்டாம். சிவப்புல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு, ஒண்ணு மாத்தி ஒண்ணு சுடுவோம். எது சிதறாம விழுதோ அதுதான் அணிக்கு. நான் மறுபேச்சு பேசமாட்டேன்."

"பேசமாட்டீங்களே?" என்றார் செயலாளர், நான்கு பேர் காதில் விழும்படி.

ஒவ்வொரு தடவை சுடும்போதும் இலக்குத் தாளை மாற்றி மாற்றி வைத்து, அணியின் இன்னொரு ஆளான வக்கீலுக்கு இடுப்பு ஒடிந்தது. கடைசியில் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது டாக்டரம்மாவின் முகம் செத்துவிட்டது. நீலம் சுமாராக ஒரு வட்டத்தில் விழுந்திருந்தது. சிவப்போ அம்மை போட்ட முகம் மாதிரி தாள் முழுக்க. செயலாளர் புன்னகை மட்டும் செய்தார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து டாக்டரம்மா நீலத்தில் சுட்டார். சரிவு ஆரம்பித்தது. கை ஆடாமல் நின்றது, மூச்சு அடங்கியது, விசையும் வெண்ணெயாக விழுந்தது. குண்டு மட்டும் புள்ளிக்கு ஓரமாகப் போய் உட்கார்ந்தது. அணியில் மூன்றே இடம். செயலாளருக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று. டாக்டரம்மாவுக்கு என்றிருந்த மூன்றாவது இடத்தை ஸ்டுடியோ போட்டோகிராபர் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். வயசாகிறது, கண் மங்குகிறது என்று டாக்டரம்மா மனசுக்குள் குமைந்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளும் வயதும் இல்லை. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

ஒருநாள் பயிற்சியின் நடுவில் நீல டப்பா காலியானது. பையைத் துழாவினார். அடியில் ஒரு பழைய சிவப்பு டப்பா கிடந்தது. யாரும் பார்க்கவில்லை, போட்டுச் சுட்டார். முதல் குண்டு எங்கோ போனது. இரண்டாவது வேறெங்கோ. சோதனை சொன்னது சரிதான் என்று மூடியை மூடப் போனவர், டப்பாவில் மிச்சம் இருப்பதைத் தீர்த்துவிடலாமே என்று வீம்புக்குச் சுட்டுக்கொண்டே போனார். பாதி டப்பா தாண்டியதும் குண்டுகள் ஒன்றையொன்று தேடி வர ஆரம்பித்தன. அப்புறம் ஒரே ஓட்டையின் விளிம்பைக் கடித்துக் கடித்து விழுந்தன.

டாக்டரம்மா துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார். அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னார். ஒவ்வொரு குண்டும் குழலுக்குள் தன் ஈயத்தையும் எண்ணெயையும் மெல்லிசாகப் பூசிவிட்டுப் போகிறது. வேறு கம்பெனிக் குண்டு அந்தப் பூச்சின் மேல் வழுக்குகிறது. முந்தின பூச்சு தேய்ந்து தன் பூச்சு ஏறுகிற வரைக்கும் அதற்கு நிலை கிடையாது. ஒன்று மாற்றி ஒன்று சுட்ட அந்த நியாயமான சோதனையில் சிவப்புக்கு ஒரு நிமிஷம்கூட வீடு கிடைக்கவில்லை. அந்த நியாயத்தைக் கண்டுபிடித்த புத்திசாலி வேறு யாரும் இல்லை, அவரேதான்.

இதைச் சம்பந்தியிடம் போய்ச் சொல்வதுதான் பெரும்பாடு. மகளிடம் முதலில் சொன்னார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அம்மா, மறுபேச்சு பேசமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்திருக்கே. இப்ப போய் ஆரம்பிச்சா அத்தை உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. ஒரு குண்டுக்காகவா?"

"குண்டுக்காக இல்லடி. அந்த மூணாவது இடம் என்னுது. என் தப்பால அது போகக் கூடாது."

அணித் தேர்வு நாளன்று எல்லோரும் கூடியிருந்தபோது டாக்டரம்மா எழுந்தார்.

"சம்பந்தி, நான் சொன்ன சொல்லை மீறுறேன். அந்தச் சோதனை தப்பு. உங்க தப்பு இல்லை, என்னுது."

"தோத்ததுக்கப்புறம் சோதனை தப்பாயிடுச்சா?" என்றார் செயலாளர். போட்டோகிராபர் ரசித்துச் சிரித்தார்.

"பல்லு தேச்ச வாயோட ஆரஞ்சு தின்னிருக்கீங்களா?"

"குமட்டும்."

"அது ஆரஞ்சோட குத்தமா? நாம ஒவ்வொரு சுளைக்கும் நடுவுல ஒரு தடவை பேஸ்ட் போட்டுத் தேச்சுட்டு, ஆரஞ்சு கசக்குதுன்னு தீர்ப்பு எழுதியிருக்கோம். நீலம் எந்தப் பூச்சு மேலயும் ஓரளவு சமாளிச்சுக்கும், அதனால அது தப்பிச்சுது. இன்னொரு தரம் பாக்கலாம். முதல்ல ஒரு கைப்பிடி சிவப்பை வீணா சுட்டுட்டு, அப்புறம்தான் அளக்கணும். நீலத்துக்கும் அதே மரியாதை."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இதுலயும் நீலம் ஜெயிச்சா மூணாவது இடம் போட்டோகிராபருக்கு. அப்புறம் நம்ம ரெண்டு வீட்டுலயும் குண்டுப் பேச்சே வரக் கூடாது."

"வராது."

டாக்டரம்மாவின் துப்பாக்கி மறுபடி வைஸில் ஏறியது. முதலில் நீலம். குழல் பழகும் வரைக்கும் சுட்டுத் தள்ளிவிட்டு, புதுத் தாளில் சுட்டார்கள். முன்னைவிட நன்றாகவே விழுந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தால் மூடிவிடும். செயலாளரின் புருவம் உயர்ந்து இறங்கியது.

பிறகு சிவப்பு. முதல் குண்டு ஓரத்தில். அடுத்தது எதிர் ஓரத்தில். "ஐயோ பாவம்" என்று யாரோ சொன்னார்கள். டாக்டரம்மா காதில் வாங்காமல் குண்டுமேல் குண்டாக வீணாக்கினார். போட்டோகிராபர் அணிச் சட்டையின் அளவை வக்கீலிடம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். போதும் என்று மனசு சொன்னபோதும் டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் சுட்டார். அவசரப்பட்டுக் கெட்டது ஒரு தடவை போதாதா? அப்புறம்தான் நிமிர்ந்து, "இப்ப புதுத் தாள் வைங்க" என்றார்.

சுட்டார். தாளில் ஓர் ஓட்டை. சுட்டார். ஓட்டை அப்படியே இருந்தது. மறுபடி சுட்டார். சத்தம் கேட்டது, தாள் அசைந்தது, புதிதாக ஓட்டை எதுவும் விழவில்லை. வக்கீல் ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவந்தார். அத்தனை குண்டும் போன வழி ஒன்றே ஒன்று. டாக்டரம்மாவின் சுண்டுவிரல் நகம் அதை மூடிவிட்டு மிச்சமும் இருந்தது.

செயலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"எழுதிக்குங்க வக்கீலே" என்றார். "மூணாவது இடம் டாக்டரம்மா. அவங்க சிவப்புலயே சுடட்டும்." பிறகு தன் துப்பாக்கியைத் தூக்கினார். "எனக்கும் இதே மாதிரி பாத்துடுவோம். மாட்டுங்க."

அவருடைய குழலுக்கு ஒரு மயிரிழை நீலம்தான் ஒத்துப்போனது. அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டுவிடுவாரா? வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மாவுக்கு அன்று அதுகூடச் சங்கீதமாக இருந்தது.

போட்டி அன்று தொழிற்சாலை அணி சுட்டு முடித்துக் கைகட்டி உட்கார்ந்துவிட்டது. இவர்கள் பக்கத்தில் பாக்கி இருந்தது டாக்டரம்மா ஒருவர்தான். கடைசிக் குண்டு நடுப்புள்ளியைத் தொட்டுப் பத்து மதிப்பெண் வாங்கினால் கோப்பை, ஒன்பது என்றால் இல்லை. சிவப்பு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் குழலில் வைத்தார். அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். முந்தினது போன இடத்துக்குத்தான் போகும். விசையைத் தொட்டார்.

மதிப்பெண் காட்டும் திரையில் பத்து என்று விழுந்த நொடியில் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. யாரென்று திரும்பினால், சம்பந்தியம்மா. குரலை உயர்த்தாமலேயே அதட்டுகிற அந்த மனுஷி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். சுடும்போது உடம்பு ஆடாமலிருக்கப் போடுகிற அந்தக் கெட்டித் துணிச் சட்டையை இருவருமே கழற்றியிருக்கவில்லை. பலகை மாதிரி விறைத்த சட்டை. முழங்கை மடங்கவில்லை, முதுகு வளையவில்லை. கிளப்புக்கு மேலிருக்கும் கிடங்கின் இரண்டு பீரோக்கள் மோதிக்கொண்டதுபோல டம்மென்று மோதி, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, மறுபடி மோதினார்கள்.

"நம்ம வீட்டு ஆளுங்க!" என்று சம்பந்தியம்மா தொழிற்சாலை அணியைப் பார்த்துக் கத்தினார். "என் மருமகளோட அம்மா!"

"விடுங்க சம்பந்தி, எலும்பு நொறுங்குது" என்றார் டாக்டரம்மா. சொன்னாரே தவிர, அவரும் விடவில்லை.