மாப்பிள்ளை போட்ட காசு

மாப்பிள்ளையின் காசில் ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்கமாட்டார் செய்னுலாப்தீன். பெண்ணைக் கொடுத்தவன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கை நீட்டக்கூடாது. புத்தளத்தில் அவருடைய வாப்பா நடந்து காட்டிய வழி அது. மகள் நிஸ்ரினைப் பார்க்க மெல்பேர்ண் போனபோதும் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் மருமகன் றஊபை முந்திக்கொண்டு பணப்பையைத் திறந்தார். அவருடைய ரூபாயை அங்கே யாரும் வாங்கவில்லை என்பது வேறு கதை.

அப்படிப்பட்டவருக்குத்தான் றஊப் கப்பல் பயணம் எடுத்துக் கொடுத்தான். கொழும்பில் ஏறி, மாலைதீவு போய், திரும்பவும் கொழும்பில் இறங்குகிற உல்லாசக் கப்பல். டிக்கெட் மட்டுமல்ல. மாலேயில் கரையைச் சுற்றிப் பார்க்கும் பயணம், ஒரு வேளை தனி உணவகத்தில் மீன் சாப்பாடு, வேண்டிய மட்டும் பழச்சாறு என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கட்டியிருந்தான். அதற்கு மேல் அவர்களுடைய அறைக் கணக்கில் கொஞ்சம் காசும் போட்டிருந்தான். கப்பலில் எது வாங்கினாலும் அறைச் சாவி அட்டையை நீட்டினால் போதும், அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

அது உங்கள் செலவுக்கு, மாமி கேட்பதை வாங்கிக் கொடுங்கள் என்று றஊப் தொலைபேசியில் சொன்னான். செய்னுலாப்தீன் "ஓம் மாப்பிள்ள" என்றார். மனதுக்குள் வேறு முடிவு எடுத்திருந்தார்.

கட்டி முடித்த சாப்பாட்டையும் பழச்சாற்றையும் இனித் திருப்ப முடியாது. வேண்டாம் என்றால் மகளுக்குத்தான் மனவருத்தம். ஆனால் கணக்கில் கிடக்கிற காசு அப்படியல்ல. அவர் உப்பளம் வைத்திருந்தவர். உப்பளத்தில் வேலைக்கு முன்பணம் வாங்குவார்கள். மழை பிடித்து வேலை நின்றால், மிச்சத்தைக் கொடுத்தவர் கையிலேயே திருப்பி வைப்பார்கள். கப்பல்காரனும் அதைத்தானே செய்வான்? தொடாமல் விட்டால் காசு மாப்பிள்ளையிடமே போய்ச் சேரும். இதை யாரிடமாவது கேட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

கப்பலில் ராசா மாதிரித்தான் இருந்தார். பழச்சாறு குடித்துக் குடித்து அவருக்குச் சீனி ஏறப்போகிறது என்று மனைவி ரபியா சிரித்தாள். கப்பல் கடையில் அவள் ஒரு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தபோது மட்டும் அவர் மெல்ல இருமினார். அவள் சால்வையை மடித்து வைத்துவிட்டாள். அவளுக்கு அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் மாலேயில் தொடங்கியது. கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இலவச வைஃபை கிடைத்தது. ரபியா கற்பிட்டியில் இருக்கும் தம்பி அத்தாஉல்லாவை அழைத்தாள். கருவாட்டு வியாபாரி. அவளுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன். நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குகிறது, அஜீரணமாக இருக்கும், பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னான். அங்கே மாசிக் கருவாடு என்ன விலை என்று விசாரித்தான். அதற்குள் சுற்றுலா பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

கப்பல் புறப்பட்டதும் போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. இனிக் கொழும்பு வரைக்கும் கடல்தான். ரபியா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளையிடம் தானே போய்ச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். கப்பலில் வைஃபை இருக்கிறது, அறைக் கணக்கிலிருந்தே எடுக்கலாம்.

"இஞ்ச பாருங்க, அந்த வைஃபைய ஒருக்கா எடுங்களேன். தம்பி டொக்டர்ட்ட போனானா எண்டு கேட்டுட்டா எனக்கு நித்திர வரும்."

"அது மாப்பிள்ளட காசு, ரபியா."

"அவர் எங்களுக்கெண்டுதானே போட்டிருக்கார்."

"அவர் போடுவார். நாம எடுக்கலாமா? கரைக்குப் போனதும் என்ட போன்லயே எவ்வளவு நேரமெண்டாலும் கதை. அவன் வயிறு முட்டத் திண்டிருப்பான், வேறென்ன."

அவள் பிறகு கேட்கவில்லை. வழியில் ஒரு முழுப் பகலும் அவள் மேல்தளத்தில் கதிரையில் உட்கார்ந்து இலங்கை இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொண்டுவந்து கொடுத்த அன்னாசிச் சாறு அவள் பக்கத்தில் சூடாகிக் கிடந்தது. சொந்தப் பையிலிருந்து கட்டலாமே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியதும் உண்மைதான். ஆனால் கப்பலில் டொலர்தான் எடுப்பார்கள், அவர்களிடம் டொலர் இருக்கவில்லை. கொஞ்சம்தானே பொறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் ரபியாவின் போன் விடாமல் அதிர்ந்தது. முதலில் வந்தது அத்தாஉல்லாவின் மனைவி உம்மு குல்சூமின் செய்தி. அவன் முந்தின நாள் விடியற்காலை சுபஹ் நேரம் மௌத்தாகிவிட்டான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அவனுடைய குரல் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன.

ஊருக்குப் போகும் வேனில் அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். செய்னுலாப்தீனும் கேட்டார், காதைப் பொத்திக்கொள்ள முடியாதே.

"ராத்தா, வார்டில போட்டுட்டாங்க. பயப்பிடாத. இங்க திங்கத் தாற பாண் கல்லு மாதிரி இருக்கு."

"ராத்தா, மச்சான் உன்ன கடலுக்குள்ள தள்ளிட்டாரா? ஏன் பதிலில்ல?"

சிலாபம் தாண்டும்போது கடைசிப் பதிவு வந்தது. மூச்சு இரைத்தது. சிரிப்பு இல்லை.

"ராத்தா, ஒருக்கா எடு. உன்னோட கதைச்சிட்டா நான் படுத்துருவன்."

பாலாவிச் சந்தியில் புத்தளம் பக்கம் போகாமல் வேன் கற்பிட்டிக்குத் திரும்பியது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் தனித்திருக்கும் இத்தாவில் உம்மு குல்சூம் உள்ளறையில் இருந்தாள். ரபியா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அழுகை வெளியே கேட்டது. செய்னுலாப்தீன் முற்றத்தில் ஆண்களோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வந்தவர்கள் எல்லோரும், கடலில் இருந்தவர்களுக்கு என்ன செய்ய முடியும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் அவரால் முடியவில்லை.

றஊப் அழைத்தான். மாமிக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொன்னான். பிறகு, கப்பலில் வைஃபை எடுத்தும் தகவல் வரவில்லையா என்று கேட்டான்.

"எடுக்கல்ல மாப்பிள்ள. உங்கட காசத் தொடவே இல்ல. அப்படியே உங்களுக்கு வந்திருக்குமே?"



"அது திரும்பி வராது மாமா. பயணம் முடிஞ்சா அதுவும் முடிஞ்சிடும். கப்பல்ல செலவழிச்சாத்தான் உண்டு."

பரவாயில்லை மாமா, அதை யோசிக்காதீங்க என்று அவன் பதறிக்கொண்டு சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை.

மாலையில் மஃரிப் தொழுகைக்கு முன்னர் ரபியா வெளியே வந்தாள். அவர் எழுந்தார். யாருக்கும் கேட்காத இடமாக, வேலி ஓரத்துக்கு அவளைக் கூட்டிப்போய், றஊப் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் ஒருக்காத்தான் கேட்டன். இன்னொருக்கா கேட்டிருக்கணும். நீங்க வேணாமெண்டா நான் எப்பவும் விட்டுடுவன். அப்படியே பழகிட்டன்."



உம்மு குல்சூமின் இத்தா முடியும் வரைக்கும் இங்கேயே இருக்கப் போவதாக அவள் சொன்னாள். இருக்கலாமா என்று அவள் அவரிடம் கேட்கவில்லை. திருமணம் முடித்த நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்காமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

அவர் வேனிலிருந்து அவளுடைய பெட்டியை இறக்கி, திரைக்கு இந்தப் பக்கத்தில் வைத்தார். வேன்காரன் எங்கே போவது என்று கேட்டான். புத்தளத்துக்கு என்று சொல்லிவிட்டு, பின் ஆசனத்தில் தனியாக ஏறி உட்கார்ந்தார்.