மினசோட்டா கொலு

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் கொலு வைக்கும் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. பொம்மைகளை அடுக்கினால் மட்டும் போதாது, அதற்கு ஒரு ‘தீம்’ வேண்டும். ஒருத்தி வீட்டில் கும்பகோணத்துக் கோயில்கள், அடுத்த தெருவில் சூரிய மண்டலம். போன வருஷம் ஒரு மகராசி சரஸ்வதியின் மடியில் வீணைக்குப் பதில் லேப்டாப்பை வைத்துவிட்டாள். இந்தக் கூத்தில் நான் சேர்ந்ததே இல்லை. இந்த வருஷம் சேர்ந்தேன். என் தீம் மினசோட்டா மாநிலம்.

காரணம் என் பெண் அஞ்சனா. மினசோட்டாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் டாக்டராக இருக்கிறாள். அங்கே அவளுக்கு டேரல் என்பவரைப் பிடித்துப்போயிற்று. ஓஜிப்வே இனத்தவர், அந்த மண்ணின் பூர்வகுடி. ஏரி மீன்களைக் காப்பாற்றும் வேலையில் இருக்கிறார். அவள் இதைச் சொன்னபோது நான் ‘ம்’ என்றேன். அந்த ஒரு ‘ம்’முக்குப் பிறகு எங்கள் பேச்சு, அங்கே பனியா, இங்கே வெயிலா என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

புரட்டாசி பிறந்ததும் அவளே கூப்பிட்டாள். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர் சிவராமகிருஷ்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும். ஃப்ரீவே என்ற அதிவேகச் சாலையில் கார் ஓட்ட எனக்குப் பயம். எங்கே போவதானாலும் அவர்தான் அழைத்துப்போவார். இப்போது கார் கராஜில் சும்மா நிற்கிறது, நடந்து போகிற தூரம்தான் என் உலகம்.

அந்த உலகத்துக்குள் நல்லவேளை நூலகம் இருந்தது. மினசோட்டாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். பத்தாயிரம் ஏரி நாடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். மிசிசிப்பி அங்கேதான் பிறக்கிறது, பிறக்கும் இடத்தில் கல்லில் கால் வைத்துத் தாண்டிவிடலாமாம். தெற்கே டகோட்டா மக்கள், வடக்கே ஓஜிப்வேக்கள். தண்ணீர்மேல் உணவு விளையும் இடத்தைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று ஓஜிப்வேக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த உணவு ஏரியில் தானாக விளையும் காட்டரிசி. மினசோட்டா என்ற பெயரே டகோட்டாச் சொல், வானம் தெரியும் நீர் என்று பொருளாம். பெயரை வைத்துக்கொண்டு, பெயர் வைத்தவர்களை வெள்ளைக்காரர்கள் விரட்டியிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முப்பத்தெட்டு டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள் என்று படித்த அன்று எனக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை.

கொலு பிரமாதமாக வந்தது. கீழ்ப்படியில் அலுமினியம் ஃபாயிலில் ஏரிகள், பஞ்சில் பனி, மான், கரடி. அங்கேயே ஓர் அட்டை ஓடமும் ஓஜிப்வே ஜோடியும். அந்த ஜோடிப் பொம்மைக்கு எங்கே போவது? வீட்டிலிருந்த குறவன் குறத்தி தலையில் இறகைச் செருகினேன். அடுத்த படியில் தோல் வாங்க வந்த பிரெஞ்சு வியாபாரிகள், அதாவது தொப்பி போட்ட நம் செட்டியாரும் செட்டியாரம்மாவும். அதற்கும் மேலே மரம் வெட்டுபவர்கள், இரும்புச் சுரங்கம், ரயில். பிறகு தசாவதாரம். உச்சியில் கலசம். அதன் பக்கத்தில் என் கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடி, புதுப் பட்டில். கலசத்துக்கு அடியில் பச்சரிசிக்குப் பதில், டேரல் ஏரியிலிருந்து கொண்டுவந்து அஞ்சனா அனுப்பியிருந்த காட்டரிசியைப் பரப்பினேன்.

முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு சாந்தி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, தங்கமான பெண்.

“அய்யோ, செம க்யூட் ஆன்ட்டி! ரெட் இண்டியன்ஸ்கூட வெச்சிருக்கீங்க!”

சுண்டல் கொடுத்தேன். வெற்றிலை பாக்கு வைத்தேன். குங்குமச் சிமிழை நான் எடுப்பதற்குள் அவள் கை முந்திக்கொண்டது. “இருங்க ஆன்ட்டி, நானே எடுத்துக்கறேன்” என்று சிரித்தபடி தானே இட்டுக்கொண்டாள். அவர் இருந்தவரை என் கையால்தான் இட்டுக்கொள்வாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் போன பிறகும் வெகுநேரம் அந்தச் சிமிழைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மனசை மாற்றிக்கொள்ள, கொலுவைப் படம் எடுத்து அஞ்சனாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் சொன்னது. பதில் மறுநாள் காலைதான் வந்தது.

“அம்மா, டேரலோட ஜனங்க ஏன் கரடியோட படியில இருக்காங்க? மிருகம் கீழ, மனுஷா அதுக்கு மேல, சாமி எல்லாத்துக்கும் மேலன்னு நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே? இதை அவருக்கு நான் எப்படிக் காட்டுவேன்? நாங்க வரலை.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாங்கு மாங்கென்று படித்து, முதுகு ஒடிய அடுக்கினால் இவள் குற்றம் கண்டுபிடிக்கிறாள். ‘அது வரலாறுடி! முதலில் இருந்தவர்கள் முதல் படியில்’ என்று அடித்தேன். அனுப்பவில்லை. வரலாறுதான் கணக்கென்றால், கரடியோடு ஏன் சேர்த்தேன்? அந்தப் பொம்மைகளை எடுத்தபோது என் கை யோசிக்கவே இல்லை. தானாகக் கீழே போயிற்று. குறவன் குறத்தியை எங்கள் வீட்டில் எப்போதும் வைக்கும் இடமும் அதுதான்.

சாந்தியின் கையும் யோசிக்கவில்லை. அவள் மனசில் கெட்ட எண்ணம் ஏது? சிரித்துக்கொண்டேதான் என்னை ஒரு படி கீழே இறக்கினாள். எனக்கு வலித்தது. நான் இறக்கியவர்களுக்கு வலிக்குமா என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

சரி, மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கலசம் வைத்துவிட்டால் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. என் அம்மா நகர்த்தியதில்லை, நானும் நகர்த்தியதில்லை. கொலுவுக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கைகூப்பி, “அம்பாளே, நீயே கொஞ்சம் கீழே இறங்கி வா” என்று சொல்லிவிட்டுக் கலசத்தைத் தூக்கினேன்.

ஒவ்வொன்றாக இறக்கினேன். இரும்புப் படிகளைக் கழற்றி கராஜில் போட்டேன். கார்ப்பெட்டில் மினசோட்டாவை விரித்தேன். வடகிழக்கே சுப்பீரியர் ஏரிக்கு, அவர் போனபின் கட்டாத என் நீலப் பட்டுப்புடவை. மிசிசிப்பிக்கு அஞ்சனாவின் பழைய துப்பட்டா. கரடிக்கு ஒரு காடு, செட்டியாருக்கு ஓர் ஓரம். முப்பத்தெட்டுப் பேருக்காகத் தெற்கே ஓர் அகல். தசாவதாரமும் கலசமும் அதே தரையில்தான். குறவன் குறத்தி தலையிலிருந்து இறகைப் பிடுங்கி, “மன்னிச்சுக்கோங்க” என்று அவர்களை அவர்களாகவே, வேறு யாராகவும் இல்லாமல், என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஓடம் காலியாகக் கிடந்தது. அதில் மரப்பாச்சி ஜோடியை ஏற்றினேன். அவன் கையில் நீளக் குச்சி, ஓடத்தைத் தள்ள. அவள் பக்கத்தில் இரண்டு சின்னக் குச்சிகள், காட்டரிசிக் கதிரைத் தட்ட. கலசத்தடி அரிசியை ஓடத்தைச் சுற்றித் தூவினேன். படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அம்மா, படியெல்லாம் எங்க?”

“கராஜ்ல.”

“நவராத்திரி நடுவுல கொலுவைக் கலைச்சியா? நீயா?”

“ஆமா.”

“ஓடத்துல நம்ம மரப்பாச்சியா?”

“உன் மரப்பாச்சி. உன் கல்யாணத்துக்குத் தரணும்னு வெச்சிருந்தது. கதிர் தட்டறவ உட்காரணும்னு படிச்சேன். இந்தச் சனியன் உட்காரமாட்டேங்குது. சாய்ச்சு வெச்சிருக்கேன்.”

அவள் அதை ஆங்கிலத்தில் யாருக்கோ சொன்னாள்; பக்கத்தில் ஓர் ஆண் குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது. “டேரல் சொல்றார், அவர் ஃபர்ஸ்ட் டைம் போனப்போ அவரும் அப்படித்தான் சாஞ்சாராம்” என்றாள். பிறகு அவள் குரல் மாறியது.

“இவ்வளவையும் தனியாவா இறக்கினே?”

“வேற யாருடி இருக்கா இங்க?”

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

“டிக்கெட்டை இன்னும் கேன்சல் பண்ணலைம்மா” என்றாள். “வரோம். நீ அலையாதே, ஏர்போர்ட்லேர்ந்து ஊபர் எடுத்துக்கறோம்.”

“வேண்டாம், நான் வரேன்.”

“ஃப்ரீவேல வரணுமேம்மா. நீ ஓட்ட மாட்டியே.”

“ஓட்டறேன்” என்றேன்.